இரண்டு அங்குல ஒயர்

பழுதான வண்டி எது வந்தாலும் பீம்ராவ் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். ஓட்டி வந்தவரை ஸ்டூலில் உட்காரவைத்து, "கட்சியா எப்ப ஒயுங்கா ஓட்சி?" என்று, வண்டி கடைசியாக நன்றாக ஓடிய நாளைக் கேட்பார். அதற்குப் பிறகு மழையில் நனைந்ததா, யாராவது புது ஹாரன் மாட்டினார்களா, காலையில் நின்றதா சூடேறிய பிறகு நின்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். பாதிப் பழுது அந்த ஸ்டூலிலேயே பிடிபட்டுவிடும்.

தண்டையார்பேட்டையில் அவருடைய ஒயரிங் கடைக்கு நேர் எதிரே நான் பேட்டரி சார்ஜ் போடும் கடை வைத்திருந்தேன். பதினெட்டு வருடம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்துக் கடை திறந்தோம். இதில் நான் சொல்வதெல்லாம் கண்ணால் பார்த்தது, அல்லது அவர் வாயால் கேட்டது.

அவருடைய அப்பா துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவர். மகனுக்கு அம்பேத்கரின் பெயரை வைத்தார். வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இரண்டாவது மாடி. மனைவி செங்கொடி மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு சமைத்தார். கடையில் ஒரு புத்தர் படம், நீலக்கோட்டு அம்பேத்கர் படம் ஒன்று, சுவர் முழுக்கச் சுருள் சுருளாக ஒயர். கார் ஒயரிங் என்றால் திருவொற்றியூர், மணலியிலிருந்துகூட ஆள் தேடி வருவார்கள்.

அந்தச் சிவப்பு வண்டி 1999இல் வந்தது. இரண்டே சீட்டு. கூரை கிடையாது, இழுத்து மூடும் ரெக்ஸின் துணிதான். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்கார இன்ஜினீயர் எழுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். ஊர் திரும்பும்போது யாருக்கோ விற்றுவிட்டுப் போய்விட்டார். அது கை மாறிக் கை மாறி, ராயபுரத்தில் ஒரு பங்களா ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே பதினைந்து வருடம் கிடந்தது. வெள்ளத்துரை அதை வாங்கி, லாரிக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பீம்ராவ் கடை வாசலில் நிறுத்தினார்.

வெள்ளத்துரைக்கு அப்போது முப்பத்தாறு வயது. துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் ஏஜென்டு. அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து யானைக்கவுனியில் அரிசி மண்டி வைத்தவர். தராசையும் மூட்டையையும் தவிர வேறெதையும் மதிக்காத மனிதர். மகன் சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுச் சோழவரத்தில் கார் ரேஸ் பார்த்தவர். அந்த ஆசை அவரை விடவில்லை.

"பீமண்ணே, இது ஓடுமா?" என்று கேட்டார்.

பீம்ராவ் ஸ்டூலை நகர்த்தினார். "கட்சியா எப்ப ஓட்சி அண்ணாச்சி?"

"எம்பத்தி நாலுலயாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீம்ராவ் சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

முதல் வருடம் முழுக்க, வயதான வண்டிக்கு வரும் வழக்கமான கோளாறுகள்தான். ஹெட்லைட் மினுக்கட்டான் பூச்சி மாதிரி எரிந்தது. பல்பை மாற்று என்று எல்லோரும் சொன்னோம். பீம்ராவ் பல்பைத் தொடவே இல்லை. "கரென்ட் போறதுக்கு ஒயர் கீது பாய். திரும்பி வர்றதுக்கு வண்டி பாடிதான் வழி. கடக்காத்துல பாடியே துருப்புடிச்சி கீது, அது எப்டித் திரும்பி வரும்?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துருவைச் சுரண்டி நாலு இடத்தில் தனியாக எர்த் ஒயர் போட்டார். அன்றைக்கு சாயங்காலம் வெளிச்சம் எங்கள் தெரு முனைவரை அடித்தது.

திருவொற்றியூர் ஹைரோடு நெரிசலில் இன்ஜின் கொதித்தது. ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்து, வேறொரு காரின் ஃபேனை முன்னால் மாட்டினார். பெட்ரோல் பம்ப் அவ்வப்போது மாட்டிக்கொண்டு நிற்கும். ஸ்பேனரால் ஒரு தட்டு தட்டினால் ஓடும். அதைப் பிரித்து உள்ளிருந்த கருப்பைத் தேய்த்து எடுத்தார். கார்புரேட்டர் இரண்டு, இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கவேண்டும். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மாறி மாறி இரண்டின் வாயிலும் பிடித்துச் சத்தத்தை ஒப்பிட்டுத் திருகுவார். அந்த நேரத்தில் தெருவில் யாராவது ஹாரன் அடித்தால் கெட்டவார்த்தைதான் வரும்.

வண்டி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளத்துரை, மனைவி முப்பிடாதியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடலோரமாக எண்ணூர்வரைக்கும் போய் வருவார். அந்தம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி போவது எங்கள் தெருவுக்கு வாராவாரம் ஒரு காட்சி. குழந்தை இல்லாத வீடு. அந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேரும் மாமனார் கண்ணில் படாமல் இருந்த நேரம் என்று செங்கொடி ஒருமுறை சொன்னார்.

2001 மார்ச்சில் அந்தப் பழுது வந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, யாரோ சாவியைத் திருப்பி அணைத்ததுபோல நின்றுவிடும். ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கழித்து ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். பிறகு நாலு நாள் நன்றாக ஓடும். மறுபடி வேறோர் இடத்தில் நிற்கும்.

பீம்ராவ் வெள்ளத்துரையை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேட்டார். நிற்பதற்கு முன்னால் இருமியதா? இல்லை. குலுங்கியதா? இல்லை. "அப்ப பெட்ரோல் இல்ல. பெட்ரோல் நின்னா வண்டி இருமி இருமி சாவும். இது ஒரே வெட்டா நிக்குது. கரென்ட்தான்" என்றார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றவேண்டும். மாற்றிவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கவேண்டும். நாலைச் சேர்த்து மாற்றினால் எது பழுது என்று கடைசிவரைக்கும் தெரியாது. அப்படியே, தீப்பொறிக்குக் கரென்டை ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றினார்; வண்டி மறுபடி நின்றது. கண்டன்சரை மாற்றினார். பத்து நாள் ஓடி, காசிமேட்டில் நின்றது. சாவி போடும் சுவிட்சைத் தாண்டி நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தார். எர்ணாவூர் பாலத்தின்மேல் நின்றது.

டெஸ்ட் லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளத்துரை ஓட்ட, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மணலிவரை ஏழெட்டு முறை போய் வந்தார். அவர் ஏறினால் அது நிற்கவே இல்லை.

"டாக்டரக் கண்டதும் காய்ச்சல் ஓடுன மாதிரி இருக்குண்ணே" என்று வெள்ளத்துரை சிரித்தார்.

ஒரே ஒருமுறை அவர் இருக்கும்போது நின்றது. பதறி இறங்கிப் பானெட்டைத் தூக்கி, லைட்டை வைத்துப் பார்த்தால் எல்லா இடத்திலும் கரென்ட் இருந்தது. குறையே இல்லை. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிவிட்டது. கடைக்குத் திரும்பியதும் பீம்ராவ் நேராக என்னிடம் வந்தார். "இருவத்தஞ்சி வருசமா இந்த வேல செய்றேன் பாய். ஒரு வண்டி என்னப் பேமானி ஆக்குனது இதான் மொத தபா" என்றார். தூக்கத்திலும் ஏதோ ஒயரைத் தேடுவதுபோல விரலை அசைக்கிறார் என்று செங்கொடி சொன்னார்.

ஜூலை மாதத்துக்குள் பதினோரு முறை நின்றிருந்தது. வெள்ளத்துரையின் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. லாரி ஓடும் ரோட்டில் இதை வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு, இந்த மாதத்துக்குள் தள்ளிவிடு என்று சத்தம் போட்டாராம். முப்பிடாதிதான் மாமனாரிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசியிருக்கிறார். "அவுகளுக்கு இருக்கறது இந்த ஒரு சந்தோசம், இதையும் பிடுங்காதீங்க மாமா" என்றாராம். அதன்பேரில் ஒரு தவணை கிடைத்தது. இந்தமுறை சரியாகவில்லை என்றால் விற்றுவிடவேண்டும்.

அன்றைக்கு பீம்ராவ் தன் விதியை மீறினார். ஒரே நாளில் கைக்கு அகப்பட்ட எல்லாவற்றையும் மாற்றினார். சாவி சுவிட்ச், பாயிண்ட், ப்யூஸ் பெட்டி, இன்ஜின் எர்த் பட்டை, ஒயர்கள் சேரும் முனைகள் எல்லாம். மூன்று நாள் தானே ஓட்டினார். பொன்னேரிவரைக்கும் போய் வந்தார். நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் சாவியைக் கொடுத்தார்.

"சரியாப்பூட்ச்சி அண்ணாச்சி. தெகிரியமா எட்த்துகினு போங்க."

தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது. வண்டி போன பிறகு டீக்கு என் கடைக்கு வந்தார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

"இன்னா பழுதுன்னு தெரியாமயே குட்த்துட்டேன் பாய்."

"ஓடுதுல்ல? வுடு" என்றேன் நான்.

ஒரு வாரம் ஓடியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டதால் வெள்ளத்துரை தனியாகப் போனார். காலை பதினோரு மணிக்கு எர்ணாவூர் தாண்டி, எண்ணூர் ரோட்டில் பின்னால் வந்த டிரெய்லர் லாரி வண்டியின்மேல் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேலையே இல்லை.

செய்தி கேட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் போனோம். உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கூட்டம் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பீம்ராவ் மட்டும் கயிற்றுக்கு மேல் எட்டி எட்டி எதையோ தேடினார். என்ன என்று கேட்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்திருந்தால் கியர் விழுந்தபடியே இருக்கும். தானாக நின்று உருண்டிருந்தால் வெள்ளத்துரை கியரை எடுத்துவிட்டிருப்பார். அந்தக் கியர்க் கம்பியைப் பார்த்தால் தெரியும் என்றார். சீட்டு நசுங்கி, கம்பி வளைந்து அடியில் போயிருந்தது. எந்தக் கியர் என்று யாரும் சொல்ல முடியாது.

லாரி டிரைவர் அப்பாவு, சடையங்குப்பத்து ஆள். அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "திடீர்னு நின்னுட்ச்சி சார். பிரேக் லைட்டே எரியல. நட்ட நடு ரோட்டுல நின்னுட்ச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இடித்த டிரைவர் எல்லோரும் சொல்வதுதானே என்று போலீஸ் எழுதிக்கொள்ளவில்லை. அவர் சொன்னது பீம்ராவ் காதில் விழுந்தது. நானும் கேட்டேன். வாயைத் திறக்காமல் திரும்பி வந்தோம்.

மூன்றாம் நாள் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி பத்து நிமிடத்தில் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பார்த்துவிட்டு, விபத்துக்கு வண்டியின் பழுது காரணமில்லை என்று எழுதினார். எல்லா விபத்துக்கும் வழக்கமாக எழுதும் வரி. அப்பாவு ஜெயிலுக்குப் போனார். நொறுங்கிய வண்டியைக் காவல் நிலைய வாசலில், வழக்கில் பிடித்த மற்ற வண்டிகளோடு சேர்த்துத் தள்ளிவைத்தார்கள்.

ஒரு மாதத்தில் ஜாமீனில் வெளியே வந்த அப்பாவு, நேராக பீம்ராவ் கடைக்கு வந்தார். லைசன்சைப் பிடுங்கிவிட்டார்கள். கம்பெனி வேறு ஆள் போட்டுவிட்டது.

"அந்த வண்டி நின்னு நின்னு போறது உனுக்குத் தெரியும்னு சொல்றாங்க. ஒரு வார்த்த வந்து சொல்லு நைனா. எனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க."

பீம்ராவ் அவருக்கு ஸ்டூலைப் போட்டார். "அன்னிக்கும் நின்ட்சான்னு எனுக்குத் தெர்லியே."

"நான் கண்ணால பாத்தேனே!"

"இரு. நான் வண்டியப் பாத்துட்டு சொல்றேன். பழுது எதுன்னு கையில எட்த்துகினு வந்து சொல்றேன்."

அதே வாரம் முப்பிடாதி வந்தார். கூட யாரும் இல்லை. கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

"வண்டி நின்னுதான் செத்தாகன்னு யாராச்சும் கேட்டா சொல்லிராதீங்கண்ணே. மாமா அப்பமே விக்கச் சொன்னாக. நாந்தான் வேண்டாம்னேன். லாரிக்காரன் இடிச்சான்னா இடிச்சான்னு இருந்துட்டுப் போயிரும். வண்டி நின்னுச்சுன்னா..." முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேருக்கும் அவர் கொடுத்த பதில் ஒன்றுதான்: முதலில் பழுதைக் கண்டுபிடிக்கிறேன். காவல் நிலையத்துக்குப் போய்க் கேட்டார். வழக்குப் பொருளைத் தொடக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி போனார். கோர்ட்டில் எழுதி வாங்கி வா என்றார்கள். யாரிடம் எழுதி வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. போலீஸ் அவரைச் சாட்சியாகவும் கூப்பிடவில்லை. தானே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழுது தெரியாமல் என்ன சொல்வது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

2002 ஜனவரியில் ஓர் ஐஸ் கம்பெனியின் பழைய ஜீப் வந்தது. ஓடும்போது சட்டென்று நிற்கிறது என்றார் அதன் டிரைவர். பீம்ராவ் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்ததை நான் எதிர்க்கடையிலிருந்து பார்த்தேன். அன்று முழுவதும் அந்த ஜீப்பை விட்டு நகரவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்.

இன்ஜினுக்கு நெருப்புப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே ஒரு வட்டத் தகடு. வண்டி வேகமெடுக்கும்போதும் குறைக்கும்போதும் அது கொஞ்சம் முன்னும் பின்னும் திரும்பும். அந்தத் தகட்டோடு சேர்ந்து அசைவதற்காக, இரண்டு அங்குல நீளத்தில் நூல் சுற்றிய மெல்லிய ஒயர் ஒன்று. பார்க்க முழுசாக இருந்தது. இழுத்தாலும் வரவில்லை. பீம்ராவ் நூலை பிளேடால் கீறினார். உள்ளே செம்பு இழைகள் எல்லாம் அறுந்து, முனைக்கு முனை தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன.

"நிக்கவெச்சிப் பாத்தா தொட்டுகினு கீது. ஓடும்போது தகடு திரும்புனா வுட்டுடுது. நின்னதும் மறுபடி தொட்டுக்குது. அதான் டெஸ்ட் லைட்டு எங்கியும் காட்டிக்குடுக்கல" என்றார். பிளேடைக் கீழே வைத்தார். "அந்த வண்டில இந்த ஒயரப் பாத்தேன் பாய். இத சுத்தித் தொடச்சேன். நல்லாத்தான் கீதுன்னு மூடிட்டேன்."

மறுநாள் காலையில் காவல் நிலையத்துக்கு நானும் போனேன். வாசலில் இருந்த ஏட்டு நல்ல மனிதர். தூர நின்று பாருங்கள், தொடாதீர்கள் என்றார். பானெட் ஏற்கெனவே பிய்ந்து தொங்கியது. பீம்ராவ் குனிந்து பார்த்தார்.

டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை. கார்புரேட்டர் இரண்டும் இல்லை. காயில் இல்லை. யாரோ வசதியாக உட்கார்ந்து, ஒழுங்காகத் திருகிக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

பழைய இரும்புக் கடைகளில் மூன்று மாதம் தேடினார். புதுப்பேட்டைக்கு மட்டும் பத்து தடவை போயிருப்பார். கிடைக்கவில்லை. அதற்குள் யாரோ செம்புக்காக ஒயரிங் முழுவதையும் உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் நாலு சக்கரமும் போய், வண்டி தரையில் வயிறு பட உட்கார்ந்துவிட்டது.

வழக்கு 2004 அக்டோபரில் சாட்சி விசாரணைக்கு வந்தது. அப்பாவுவின் வக்கீல் பீம்ராவுக்குச் சம்மன் அனுப்பினார். பீம்ராவ் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் கூடப் போனேன். முப்பிடாதியும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார், மாமனார் வரவில்லை.

அந்த வண்டி அடிக்கடி நின்றது உண்மையா என்று வக்கீல் கேட்டார். "பதினோரு வாட்டி நின்ட்சி" என்றார் பீம்ராவ்.

அரசு வக்கீல் எழுந்தார். "பழுதைச் சரிசெய்து கொடுத்தீர்களா, இல்லையா?"

"எல்லாத்தியும் மாத்திக் குட்த்தேன் ஐயா. மூணு நாள் ஓட்டுனேன், நிக்கல. ஆனா இன்னா பழுதுன்னு கண்டுபுடிக்கல."

"கண்டுபிடிக்காமல் எப்படிச் சரியாகிவிட்டது என்று சொன்னீர்கள்?"

பீம்ராவ் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொல்ட்டேன் ஐயா" என்றார்.

விபத்து நடந்த அன்று வண்டி தானாக நின்றதா என்று நீதிபதியே கேட்டார்.

"தெரியாது ஐயா. பாக்க வேண்டிய ஒயர் ஒண்ணு இருந்துச்சி. அது இப்ப இல்ல."

நாலு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அப்பாவுவை விட்டுவிட்டார்கள். கோர்ட் வாசலில் பீம்ராவ் அவர் பக்கத்தில் போய் நின்றார். அப்பாவு மூன்றரை வருடமாக மணலியில் சிமென்ட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தோள் ஒருபக்கம் சாய்ந்துவிட்டிருந்தது. பெரிய பெண்ணின் படிப்பு பத்தாவதோடு நின்றுபோனது.

"இத அன்னிக்கே ரோட்டுல நின்னு சொல்லிருந்தா நான் ஜெயிலுக்கே போயிருக்க மாட்டேன்ல?" என்றார் அப்பாவு. சத்தமாகச் சொல்லவில்லை. பீம்ராவின் பதிலுக்கு நிற்கவும் இல்லை.

முப்பிடாதி படியில் இறங்கி வந்தார். எங்களைத் தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். நின்றார்.

"அப்பம் நாந்தானாண்ணே?"

"இல்லம்மா. நான்தான். எனுக்கு... மெய்யாலுமே தெர்லம்மா."

அந்தம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவரை ஊருக்கு, அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். மகனைத் தின்றவள் என்று மாமனார் மண்டியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதன்பிறகு 'சரியாப்பூட்ச்சி' என்ற ஒரு வார்த்தையை மட்டும் பீம்ராவால் சொல்ல முடியவில்லை. வேலை முன்போலத்தான் செய்வார். வண்டிக்காரர் வந்து, "ரெடியா?" என்று கேட்பார். "இப்ப ஓடுது" என்பார் பீம்ராவ்.

"சரியாயிடுச்சா?"

"இப்ப ஓடுது. நாளைக்கு இன்னான்னு எனுக்குத் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். சிலருக்குக் கோபம் வந்தது. சவாரி ஓட்டிப் பிழைக்கிற டாக்சிக்காரர்கள் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஒவ்வொருவராக வேறு கடை பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் செங்கொடி கடைக்கே வந்து கத்தினார். "ரெடின்னு ஒரு வார்த்த சொன்னா வாயில கீற முத்து கொட்டிடுமா? சொல்லேன்யா!" பீம்ராவ் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். செங்கொடி என் பக்கம் திரும்பி, "நீயாவது சொல்லக்கூடாதா பாய்?" என்றார். நான் என்ன சொல்வது? ஓடுதுல்ல, வுடு என்று சொன்ன வாய் இது. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை.

2006 பொங்கலுக்குப் பிறகு அவர் கடை ஷட்டர் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் அங்கே செல்போன் கடை வந்தது.

மணலிப் பக்கம் கன்டெய்னர்கள் அடுக்கிவைக்கும் யார்டு ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. இறாலும் மீனும் வைத்த குளிர்பெட்டிக் கன்டெய்னர்கள் கப்பல் வரும்வரை அங்கே கரென்டில் நிற்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றின் முன்னாலும் போய், அதில் காட்டும் டிகிரியை அட்டையில் எழுதவேண்டும். அவ்வளவுதான் வேலை.

பழைய பேட்டரி வாங்க ஒருநாள் மத்தியானம் அந்த யார்டுக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. மஞ்சள் தொப்பி போட்டிருந்தார். ஒரு கன்டெய்னரின் ஃபேன் விட்டு விட்டு ஓடுகிறது என்று அங்கிருந்த சூபர்வைசர் பதறிக்கொண்டிருந்தான். உள்ளே முழுக்க இறால். கம்பெனி மெக்கானிக் வர மூன்று மணி நேரமாகும் என்று போனில் சொல்லிவிட்டார்களாம்.

"யோவ் பீம்ராவ், நீ பழைய எலக்ட்ரீஷியன்னு சொன்னாங்களே? கொஞ்சம் கையை வெச்சுப் பாரேன்."

பீம்ராவ் பெட்டியின் பக்கத்தில் போனார். காதைச் சாய்த்துக் கேட்டார். ஃபேன் ஓடி, நின்று, மறுபடி ஓடியது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தைப் பதினெட்டு வருடம் பார்த்தவன் நான்.

"கம்பெனி ஆளு வரட்டும் சார்" என்றார்.

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மைனஸ் பதினெட்டு இருக்கவேண்டிய இடத்தில் மைனஸ் பதினொன்று என்று அட்டையில் எழுதினார். பக்கத்தில் நேரத்தைப் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டு அடுத்த பெட்டிக்கு நடந்தார்.